வாளியில் 11, நாளிதழில் 7, செயலியில் 4.8: எதை நம்புவது?

கேள்வியின் சுருக்கம் இது. ஐப்பசி மாதத்து இரவு ஒன்றில் கேட்டவரின் ஊரில் மழை கொட்டித் தீர்த்திருக்கிறது. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. காலை 6 மணிக்கு அளவுகோலை விட்டுப் பார்த்தபோது தண்ணீர் 11 செ.மீ. உயரத்துக்கு நின்றது. அடுத்து வந்த நாளிதழ் அதே ஊருக்கு 7 செ.மீ. என்று போட்டது. கைபேசிச் செயலியோ 48 மி.மீ. என்றது. மூன்றில் எது பொய், அரசு மழையை எந்தக் கருவியால் அளக்கிறது, ஒரு தானியங்கி மழைமானி வாங்கினால் இந்தக் குழப்பம் தீருமா என்று கேட்கிறார். வாளியின் வாய் விட்டம் 30 செ.மீ., அடி விட்டம் 22 செ.மீ., உயரம் 30 செ.மீ. என்று அளவுகளையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பாதி விடை அந்த மூன்று எண்களில்தான் இருக்கிறது.

உண்மையில் நீங்கள் கேட்பது, ‘7 செ.மீ. மழை’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் எதை, எங்கே, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை அளந்துவிட்டுச் சொல்கிறார் என்பதைத்தான். வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றின் வானிலைக் கூடத்தில் பல ஆண்டுகள் காலை அளவீடு எடுத்தவன் நான். ஆகவே தரையில் நிற்கும் மழைமானிகளைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். ரேடார், செயற்கைக்கோள் கணக்குகளைப் பயன்படுத்தியிருக்கிறேனே தவிர, அவற்றை உருவாக்குபவர்களில் ஒருவன் அல்லன். அந்தப் பகுதியை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மழையளவு என்பது ஓர் ஆழம். பெய்த நீர் ஓடாமல், மண்ணுக்குள் இறங்காமல், ஆவியாகாமல் சமதரையில் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ அதுவே மழையளவு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நின்றால் அது சரியாக 1 லிட்டர். ஓர் ஏக்கரில் 1 மி.மீ. என்றால் ஏறக்குறைய 4,047 லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மி.மீ. பெய்தால் சுமார் 930 லிட்டர் வடிகுழாய் வழியாக இறங்கும். ஆழம்தான் கணக்கு என்பதால் பாத்திரத்தின் வாய் சிறிதா பெரிதா என்பது பொருட்டில்லை. டம்ளரிலும் அண்டாவிலும் ஒரே உயரம்தான் நிற்க வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை: பாத்திரத்தின் பக்கங்கள் மேலிருந்து கீழ்வரை நேராக இருக்க வேண்டும். கொரியாவில் சேஜோங் மன்னர் காலத்தில், 1441-42இல், நாடெங்கும் ஒரே அளவில் மழைமானி வைக்க முடிவெடுத்தபோது அவர்கள் தேர்ந்தெடுத்ததும் நேரான இரும்பு உருளையைத்தான். உயரம் ஏறக்குறைய 31 செ.மீ., விட்டம் 15 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதை மாகாண, வட்டார அலுவலகங்களில் வைத்து அளந்து தலைநகருக்கு எழுதி அனுப்பினார்கள். நம் தாலுகா அலுவலக வாசலில் மழைமானி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஏற்பாடு நினைவுக்கு வருவதுண்டு.

உங்கள் வாளி இந்த நிபந்தனையில்தான் தவறுகிறது. 30 செ.மீ. அகலமுள்ள வாயால் மழையை வாங்கி, 22 செ.மீ. அகலமுள்ள அடியில் சேர்த்து வைக்கிறது. அகலமாக வாங்கிய நீர் குறுகலான இடத்தில் நின்றால் உயரம் கூடத்தானே செய்யும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் கொடுத்த அளவுகளின்படி, 11 செ.மீ. உயரம்வரை அந்த வாளியில் நிற்கும் நீர் ஏறக்குறைய 4.76 லிட்டர். வாயின் பரப்பு 707 சதுர செ.மீ. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 6.7 செ.மீ., அதாவது 67 மி.மீ. வருகிறது. வாளி சொன்ன உண்மையான மழை அதுதான். இந்தத் திருத்தம் ஒரே விகிதத்தில் போகாது என்பதையும் கவனியுங்கள். அதே வாளியில் 5 செ.மீ. நின்றால் மழை 2.9 செ.மீ.; 20 செ.மீ. நின்றால் 13.6 செ.மீ. ஆகவே ‘பாதிக்குச் சற்று மேல்’ என்று ஒரு குத்துமதிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லா மழைக்கும் போட முடியாது.

நாளிதழில் வந்த 7 செ.மீ.யும் ஒரு சுருக்கம்தான். வானிலை ஆய்வு மையத்தின் தினசரி அறிக்கையில் முக்கிய மழையளவுகளை முழு சென்டிமீட்டராகத் திரட்டிக் கொடுக்கிறார்கள். 7 என்றால் கருவியில் இருந்தது ஏறக்குறைய 65 முதல் 74 மி.மீ. வரை எதுவாகவும் இருக்கலாம். (24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் ‘கனமழை’, 115.6இல் ‘மிக கனமழை’, 204.5இல் ‘அதி கனமழை’ என்று அவர்கள் வகைப்படுத்துவதால் உங்கள் ஊருக்கு அன்று கனமழை.) உங்கள் 67 அந்த எல்லைக்குள் அடங்குகிறது. இதைப் படித்ததும் வாளியும் நாளிதழும் சமாதானமாகிவிட்டன என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இரண்டும் பொருந்துகின்றன என்பது உறுதி. சரியான காரணத்தால் பொருந்துகின்றனவா என்பது ஐயம்தான். அந்த ஐயத்துக்கு நேரம், இடம், காற்று என மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதலில் நேரம். இந்தியாவில் மழை நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. கிரீன்விச் நேரம் 3 மணிக்கு உலக வானிலை நிலையங்கள் பலவும் ஒரே சமயத்தில் அளவீடு எடுக்கின்றன. அது நமக்கு 8.30. அந்த 24 மணி நேரம் எந்தத் தேதியில் முடிகிறதோ அந்தத் தேதியின் கணக்கில்தான் மழை ஏறும். சென்னையை 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1 அன்று மூழ்கடித்த மழை, பதிவேட்டில் டிசம்பர் 2ஆம் தேதி மழையாக இருப்பது இதனால்தான். பழைய நாளிதழையும் அரசுப் பதிவையும் ஒப்பிட்டுவிட்டு ‘தேதியே தப்பு’ என்று கோபப்படுபவர்கள் ஒவ்வொரு பருவமழையிலும் வருவார்கள். நீங்கள் 6 மணிக்கே அளந்துவிட்டீர்கள். அதன் பிறகு 8.30 வரை பெய்த தூறல் நாளிதழ் எண்ணில் இருக்கும், உங்கள் எண்ணில் இருக்காது. முந்தைய நாள் 8.30க்கு வாளி காலியாக இருந்ததா என்பதையும் நீங்கள் சொல்லவில்லை.

அடுத்து, அந்த எண்ணை எடுத்த கருவி. இன்றும் நம் நாட்டில் அடிப்படைக் கருவி கையால் அளக்கும் சாதாரண மழைமானிதான். பழைய வகைக்கு சைமன்ஸ் மழைமானி என்று பெயர். ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் 1860 முதல் இங்கிலாந்தில் தன்னார்வலர்களைத் திரட்டி மழையளவு சேர்த்தவர். 1900இல் அவர் இறக்கும்போது 3,000க்கும் மேற்பட்டோர் அவருக்கு அளவு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார், பள்ளி ஆசிரியர், தோட்டக்காரர் என்று எல்லா வகை மனிதர்களும் அதில் இருந்தார்கள். அவர் பெயர் தாங்கிய கருவி 127 மி.மீ. வாய் விட்டம் கொண்ட உலோகப் புனல். கீழே தண்ணீர் சேரும் பாட்டில். இப்போது பெரும்பாலும் நாரிழை வலுவூட்டிய பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். வாயின் பரப்பு 200 அல்லது 100 சதுர செ.மீ. வாயின் விளிம்பு கத்திபோலக் கூர்மையாக இருக்கும்; விளிம்பில் விழும் துளி உள்ளே அல்லது வெளியே என்று இரண்டில் ஒன்றாகப் பிரிய வேண்டும் என்பதற்காக. விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், முழுச் சமமட்டத்தில் இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் தரையில் மோதித் தெறிக்கும் நீர் உள்ளே போகும்.

சேர்ந்த நீரை அதற்கென்றே கோடு போட்ட அளவுக் குவளையில் ஊற்றிப் படிப்பார்கள். 200 சதுர செ.மீ. வாய்க்கு 20 மி.லி. நீர் என்பது 1 மி.மீ. மழை. குவளை ஒடுக்கமாக இருப்பதால் 0.1, 0.2 மி.மீ. வித்தியாசம்கூடக் கண்ணுக்குத் தெரியும். இந்த ஏற்பாட்டின் அழகே இதுதான்: அகலமாக வாங்கி, ஒடுக்கமாக ஊற்றி, கணக்கைக் குவளையின் கோட்டிலேயே முடித்துவிடுகிறார்கள். உங்கள் வாளியும் அகலமாக வாங்கி ஒடுக்கமாக வைக்கிறதுதான். கோடு போட ஆளில்லை, அவ்வளவே. ஒரு சிறு எச்சரிக்கை: குவளை அந்தந்த வாய்ப் பரப்புக்கு உரியது. 100 சதுர செ.மீ. குவளையை 200 சதுர செ.மீ. மழைமானிக்குப் போட்டால் மழை இரட்டிப்பாகிவிடும். ஓர் ஊரின் அளவு மட்டும் சுற்றியுள்ள ஊர்களைப் போல் சரியாக இரண்டு மடங்கு அல்லது பாதி என்று தொடர்ந்து வந்தால், நான் முதலில் விசாரிப்பது குவளையைத்தான்.

பாட்டிலுக்கும் ஓர் எல்லை உண்டு. 200 சதுர செ.மீ. வாயும் 4 லிட்டர் பாட்டிலும் என்றால் 200 மி.மீ.யில் நிரம்பிவிடும், 10 லிட்டர் என்றால் 500 மி.மீ. வழிந்தது வெளிக்கூட்டில் ஓரளவு தங்கும், அதற்கும் மேல் போனது போனதுதான். அதனால்தான் பெருமழை நாட்களில் 8.30 வரை காத்திராமல் இடையிடையே போய் அளந்து, காலி செய்து, கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. 2023 டிசம்பர் 18 காலை முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. பதிவானது, திருச்செந்தூரில் 69 செ.மீ. நள்ளிரவில், முழங்கால் தண்ணீரில், டார்ச் விளக்கோடு யாராவது மழைமானியிடம் போகாவிட்டால் கைக்கருவியில் இத்தகைய எண்கள் கிடைப்பது கடினம். நாளிதழில் ஒற்றை வரியாகப் போய்விடும் எண் அது. அதற்குப் பின்னால் இருப்பவர் பெரும்பாலும் வேறு பத்து வேலைகளுக்கு நடுவே இதையும் பார்க்கும் ஓர் ஊழியர்.

இனி இடமும் காற்றும். மழைமானிக்கும் பக்கத்தில் உள்ள மரம், சுவர், கட்டடத்துக்கும் இடையே அந்தத் தடையின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரமாவது இருக்க வேண்டும். 40 அடித் தென்னை என்றால் 80 அடி. நகரத்தில் இது நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள், நடக்காது, கூடியவரை செய்வதுதான். உங்கள் வாளி சுவரை ஒட்டியே இருந்தது. இங்கே ஓர் எளிய கணக்கு: 2 மி.மீ. விட்டமுள்ள மழைத்துளி வினாடிக்கு 6.5 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. காற்றும் அதே வேகத்தில், அதாவது மணிக்கு 23 கி.மீ. அளவில் வீசினால் மழை 45 பாகை சாய்ந்து விழும். மூன்று அடிச் சுவருக்குப் பின்னால் மூன்று அடித் தரை நனையாது. காற்று சுவருக்கு வெளியிலிருந்து வந்திருந்தால் உங்கள் வாளி மழை நிழலில் நின்றிருக்கும், உண்மையில் 67ஐவிடக் கூடுதலாகவே பெய்திருக்கும். காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருந்தால் சுவரில் மோதித் தெறித்ததும் வாளிக்குள் விழுந்திருக்கும், மழை 67க்குக் குறைவு. இரண்டும் மாறி மாறி நடந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டும் இருக்கலாம். காற்றின் திசை தெரியாமல் இதில் தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

மாடியே ஒரு சிக்கல்தான். வில்லியம் ஹெபர்டன் என்ற லண்டன் மருத்துவர் 1766-67இல் ஓராண்டு முழுதும் மூன்று மழைமானிகளை வைத்து அளந்தார்: ஒன்று தரையருகே, ஒன்று வீட்டுக் கூரையில், ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் உச்சியில். தரையில் 22.6 அங்குலம், கூரையில் 18.1, ஆலய உச்சியில் 12.1. உயரம் போகப் போக மழை குறைகிறதா என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மழைத்துளி இறங்கும் வழியில் பருக்கிறது என்றுகூட விளக்கம் சொன்னார்கள். காற்றுதான் காரணம் என்று 1861இல் தெளிவாக எழுதியவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ்; பின்னாளில் பொருளாதார அறிஞராகப் புகழ்பெற்ற அதே ஜெவன்ஸ். மழைமானியே காற்றுக்கு ஒரு தடை. அதன் வாய்க்கு மேலே காற்று எகிறி வேகமெடுக்கிறது. சிறு துளிகளை உள்ளே விழவிடாமல் தூக்கிக்கொண்டு போகிறது. உயரம் கூடினால் காற்றும் கூடும், இழப்பும் கூடும். இந்த இழப்பு தரை மழைமானிக்கும் உண்டு. பொதுவாகச் சில விழுக்காடு, புயல் காற்றில் இன்னும் அதிகம். ஆகவே உலகின் எந்த மழைப் பதிவும் பெய்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே சொல்கிறது என்று எடுத்துக்கொள்வது நியாயம். இதைச் சரிபார்க்க ஒப்பீட்டுக் கருவியாக வைப்பது, வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி குழிக்குள் இறக்கி, தெறிப்பு வராமல் சுற்றிலும் கம்பித் தட்டி போட்ட மழைமானி. ஆராய்ச்சி நிலையங்களுக்கு அது சரி. வீட்டில் வைத்தால் முதல் வாரமே யாராவது தடுக்கி விழுவார்கள்.

கையால் அளப்பதில் பெரிய குறை, மொத்தம் தெரியும், வேகம் தெரியாது என்பது. 67 மி.மீ. எட்டு மணி நேரத்தில் பெய்தால் கிணற்றுக்கு நல்லது. ஒரு மணி நேரத்தில் பெய்தால் தெருவுக்கு ஆபத்து. (ஒரு மணி நேரத்தில், 20-30 சதுர கி.மீ. அளவிலான சிறு பரப்பில், 100 மி.மீ. தாண்டினால்தான் வானிலைத் துறை அதை மேகவெடிப்பு என்கிறது. தொலைக்காட்சிகள் அந்தச் சொல்லைக் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்துகின்றன.) வேகத்தைப் பிடிக்க வந்த பழைய கருவி, தானே எழுதும் மழைமானி. நீர் ஏற ஏற மிதவை உயரும், அதோடு பேனாவும் உயர்ந்து, கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் கோடு இழுக்கும். 10 மி.மீ. ஆனதும் சைஃபன் குழாய் மொத்த நீரையும் இழுத்து வெளியேற்ற, பேனா சுழியத்துக்கு விழும். கோடு செங்குத்தாக ஏறியிருந்தால் பேய்மழை, படுத்திருந்தால் தூறல். அந்தத் தாளைப் படிக்கப் பழகியவனுக்கு இரவு முழுவதும் நடந்தது கண்முன் வந்துவிடும். இன்றைய எண் அட்டவணைகளில் அந்தச் சுகம் இல்லை என்பது என் கிழட்டுப் புலம்பல்.

இப்போது தானியங்கி நிலையங்களில் பெரும்பாலும் இருப்பது டிப்பிங் பக்கெட் வகை. புனலுக்குக் கீழே, ஏற்ற இறக்கப் பலகைபோல நடுவில் தாங்கிய இரண்டு சிறு கிண்ணங்கள். ஒன்று நிரம்பியதும் கவிழ்ந்து கொட்டும், மற்றது புனலுக்கு அடியில் வரும். ஒவ்வொரு கவிழ்தலும் ஒரு மின் துடிப்பு. ஒரு துடிப்பு 0.2 அல்லது 0.5 மி.மீ. என்று கருவியைப் பொறுத்து இருக்கும். 17ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டோபர் ரென் போட்ட யோசனைதான், இன்னும் ஓடுகிறது. அதன் பலவீனங்களும் பழையவையே. கிண்ணம் கவிழ்ந்துகொண்டிருக்கும் அந்தக் கண நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராது. மழை வலுக்க வலுக்க இந்த இழப்பு கூடும். எப்போது அளவு மிக முக்கியமோ அப்போதுதான் அது குறைத்துச் சொல்லும். கிண்ணம் நிரம்பாத சிறு தூறல் அங்கேயே கிடந்து ஆவியாகும். ஆனால் நான் பார்த்தவரையில் இவற்றையெல்லாம்விடப் பெரிய எதிரி குப்பைதான்: வேப்பிலை, காக்கை எச்சம், எறும்பு கட்டிய மண், சிலந்தி வலை. புனல் அடைத்துக்கொண்டால் கருவி ஊரே மிதக்கும்போது சுழியம் காட்டும். பிறகு மழை விட்ட பின் தேங்கிய நீர் மெல்லச் சொட்டி, வெயிலில் ஐந்து மணி நேரம் மழை பெய்ததாகப் பதிவாகும். எடையைப் பார்த்துக் கணக்கிடும் மழைமானியும், துளிகளை லேசர் கதிரில் எண்ணும் கருவியும் உண்டு. விலையும் பராமரிப்பும் அவற்றை ஆய்வு நிலையங்களோடு நிறுத்திவைத்திருக்கின்றன.

சரி, கருவி குற்றமற்றது என்றே வைத்துக்கொள்வோம். அது அளந்தது எதை? 200 சதுர செ.மீ. இடத்தில் விழுந்ததை. சமவெளிகளில் 575 சதுர கி.மீ.க்கு ஒரு மழைமானியாவது வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் குறைந்தபட்ச வழிகாட்டல். அந்தப் பரப்பு மழைமானியின் வாயைப் போல் 2,875 கோடி மடங்கு. வடகிழக்குப் பருவமழையில் ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் வெயிலடிக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. தாம்பரத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே இருபது கி.மீ. சொச்சம். நுங்கம்பாக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 1976 நவம்பர் 25இல் அங்கே பதிவான 45 செ.மீ.க்கு முன்னால் 2015 ஒன்றுமே இல்லை. அடையாற்றில் வெள்ளம் வந்ததோ தெற்கிலும் மேற்கிலும் பெய்த மழையால். உங்கள் ஊருக்கு நாளிதழ் சொல்லும் எண், தாலுகா அலுவலக வளாகத்திலோ அணைக்கட்டிலோ நிற்கும் ஒரு கருவியின் எண். உங்கள் வீட்டிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ரேடார். சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல் டாப்ளர் ரேடார் இயங்குகிறது. அது நுண்ணலையை அனுப்பி, துளிகளில் பட்டுத் திரும்புவதை வாங்குகிறது. சிக்கல் என்னவென்றால், திரும்பும் அலையின் வலிமை துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. நீரின் அளவோ மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 1 மி.மீ. துளியைவிட 2 மி.மீ. துளியில் நீர் 8 மடங்கு, ரேடாருக்கு அது தெரிவதோ 64 மடங்கு. ஆகவே அன்றைய மழையில் பெரிய துளிகள் எத்தனை, சிறியவை எத்தனை என்று ஊகிக்காமல் மில்லிமீட்டர் சொல்ல முடியாது. தவிர, பூமி வளைந்திருப்பதால் கதிர் தொலைவில் உயர்ந்துகொண்டே போகும்: அரைப் பாகை சாய்வில் 100 கி.மீ. தொலைவில் அது பார்ப்பது ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. உயரத்தில் உள்ள மழையை, 200 கி.மீ.யில் 4 கி.மீ. உயரத்து மழையை. அங்கிருந்து கீழே வருவதற்குள் காற்று அதை எங்கோ தள்ளியிருக்கும். மழை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்வதில் ரேடாருக்கு ஈடில்லை. எத்தனை மில்லிமீட்டர் என்பதற்கு அது தரை மழைமானியிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

செயற்கைக்கோள் இன்னும் தொலைவு. 2014இல் நாசாவும் ஜப்பானும் சேர்ந்து ஏவிய ஜிபிஎம் செயற்கைக்கோளை மையமாக வைத்துத் தரும் மழைக் கணக்கு, உலகம் முழுவதையும் 0.1 பாகைக் கட்டங்களாகப் பிரித்து அரை மணிக்கு ஒரு எண் தருகிறது. நம் பக்கத்தில் அந்தக் கட்டம் ஒன்று ஏறக்குறைய 11 கி.மீ. நீளம், 11 கி.மீ. அகலம். கடலுக்கும் காட்டுக்கும் அது வரப்பிரசாதம், அங்கே வேறு என்ன கருவி இருக்கிறது? உங்கள் தெருவுக்கு அது ஒரு சராசரி. கட்டத்தின் ஒரு மூலையில் 90 பெய்து, மறு மூலையில் 10 பெய்தால் எல்லோருக்கும் நடுவாக ஒரு எண்தான் கிடைக்கும்.

செயலியின் 48 மி.மீ. இந்த இனத்தைச் சேர்ந்தது என்பதே என் கணிப்பு. பல செயலிகள் எதையும் அளப்பதில்லை. கணினி மாதிரியின் கட்டச் சராசரியை எடுத்து ஊர்ப் பெயரை ஒட்டிவிடுகின்றன. அது பெய்த மழையா, பெய்யும் என்று கணித்த மழையா என்றுகூடச் சிலவற்றில் தெளிவாகப் போடுவதில்லை. நாள் கணக்கும் வேறு: சில நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, சில கிரீன்விச் நாளின்படி, அதாவது நமக்குக் காலை 5.30 முதல் 5.30 வரை. ஓர் இரவு மழை நள்ளிரவில் வெட்டுப்பட்டு இரண்டு நாள் கணக்கில் விழுந்துவிடும். உங்கள் செயலியில் முந்தைய நாள் எண்ணையும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள்; 48 வேறாகத் தெரியலாம். ஆக, 48ஐப் பொய் என்று சொல்ல மாட்டேன். அது உங்கள் வீட்டைப் பற்றிய கூற்றே இல்லை. நாளிதழின் 7 ஒழுங்கான அளவீடு, வேறோர் இடத்தில் எடுத்தது. உங்கள் மாடிக்கு நெருங்கிய எண் திருத்திய 67தான். சுவராலும் காற்றாலும் அதில் இரு பக்கமும் பிசகு இருக்க இடமுண்டு.

பின்னூட்டத்தில் ஒருவர், நம் முன்னோர் ஆட்டுரலில் தேங்கிய நீரையும் உழவு மழைக் கணக்கையும் வைத்தே துல்லியமாக அளந்தார்கள், கருவி எதற்கு என்று எழுதியிருந்தார். உரலின் குழி கிண்ணம்போலச் சரிந்தது, ஆகவே வாளியின் குறை அதற்கும் உண்டு. ஆனால் ஒரே உரலை ஒரே முற்றத்தில் வைத்து ஆண்டுக்காண்டு ஒப்பிட்டவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். உழவு மழை வேறு வகை. ஈரம் மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைச் சொல்வது அது. அதே மழை செம்மண்ணில் ஆழமாகவும் கரிசலில் மேலாகவும் நிற்கும். விதைக்கலாமா என்று முடிவெடுக்க 35 மி.மீ. என்ற எண்ணைவிட அதுவே உதவும் என்பதை நான் வேளாண் பண்ணையில் இருந்துகொண்டே ஒப்புக்கொள்வேன். ஆனால் ஏரிக்கு எவ்வளவு வரும், வடிகால் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட அது உதவாது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. தானியங்கிக் கருவிக்கு முன்னால் ஒரு கைக்கருவியை நீங்களே செய்துகொள்ளுங்கள். 160 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு சாண் வெட்டி, மேல் விளிம்பை வெளிப்புறமாக அரம் போட்டுக் கூராக்கி, உள்ளே ஒரு புனலைப் பொருத்தி, கீழே 5 லிட்டர் கேன் வையுங்கள். புனலுக்கு மேல் நேர்ச்சுவர் சில அங்குலமாவது இருந்தால்தான் துளி தெறித்து வெளியேறாது. குழாயின் உள்விட்டத்தை நீங்களே அளக்க வேண்டும், கடையில் சொல்வது வெளிவிட்டம். உள்விட்டம் 15.2 செ.மீ. என்றால் பரப்பு 181 சதுர செ.மீ.; 18.1 மி.லி.க்கு 1 மி.மீ. அளவுக் குவளை தேட வேண்டாம். சமையலறை மின்னணுத் தராசு போதும்: கேனில் சேர்ந்த நீரின் எடையைக் கிராமில் எடுத்து 18.1ஆல் வகுத்தால் மழை மில்லிமீட்டரில் வந்துவிடும். கேனின் வடிவம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. தரையில் திறந்த இடம் இருந்தால் அங்கே. மாடிதான் என்றால் நடுவில், தண்ணீர்த் தொட்டியிலிருந்து விலகி, காற்றில் உருளாதபடி செங்கல் முட்டுக் கொடுத்து. காலை 8.30க்கு, மழை இல்லாத நாளிலும் சுழியம் என்று தேதியோடு எழுதுங்கள். எழுதாத நாளையும் மழை பெய்யாத நாளையும் பிறகு பிரித்தறிய முடியாது.

தானியங்கிக் கருவி வாங்குவதாக இருந்தால் அதை இதன் பக்கத்திலேயே வைத்து ஒரு பருவமழை முழுவதும் இரண்டையும் எழுதி வாருங்கள். முதல் நாளே ஒரு சோதனையும் செய்யலாம். வாயின் பரப்பு 200 சதுர செ.மீ., ஒரு கவிழ்தல் 0.2 மி.மீ. என்றால் ஒவ்வொரு கவிழ்தலுக்கும் 4 மி.லி. நீர். 400 மி.லி. நீரை அரை மணி நேரம் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் 20 மி.மீ. காட்ட வேண்டும். வீட்டுக் கருவிகளில் வாய் இதைவிடச் சிறியதாக இருக்கும், அந்தப் பரப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 19, 21 என்று வந்தால் வைத்துக்கொள்ளலாம். 16, 17 என்று வந்தால் முதலில் நீர்மட்டக் குழாய் வைத்துச் சமமட்டம் பாருங்கள். சாய்ந்து நின்றால் ஒரு கிண்ணம் சீக்கிரமும் மற்றது தாமதமாகவும் கவிழும். மட்டம் சரியாக இருந்தும் குறைந்தால் கிண்ணங்களுக்கு அடியில் உள்ள திருகைத் திருகிச் சரிசெய்யலாம். திருகே இல்லாத மலிவான வகை என்றால் 20ஐச் சோதனையில் வந்த எண்ணால் வகுத்து, அந்த விகிதத்தால் ஒவ்வொரு அளவையும் பெருக்கிக்கொள்ளுங்கள், அல்லது கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு முறையும், அதன் பிறகு வாரம் ஒரு முறையும் புனலைக் கழற்றிக் கழுவுங்கள்.